நாற்பத்து மூன்று செக்கன்

2023 ஜூலை 13, வியாழக்கிழமை, பிற்பகல் நாலு மணி இருபத்தைந்து நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. கச்சான் காற்று பதினொரு நாளாக ஓயாமல் வீசி, வாய்க்கால் கரையிலிருந்த புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. வாய்க்காலில் மட்டும் தண்ணீர் விளிம்பு தட்ட ஓடிற்று. எழுபத்தொரு வயதில், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் கரையில் நின்று உரத்த குரலில் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. என் பேரன் தண்ணீருக்குள் முழுகி, வீதிக்கு அடியால் போகும் கொங்கிரீட் குழாய்க்குள் நுழைந்திருந்தான். பதினாலு செக்கனில் மறுபக்கம் வந்துவிடலாம் என்று அவனுக்குச் சொன்னவன் நான்தான்.

அந்த இடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

நான் இருப்பது இளைய மகளின் வீட்டில். எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கட்டியவன் நான், சீதனமாக எழுதிக் கொடுத்தவன் நான், மனைவி மௌத்தான பிறகு அதிலே ஓர் அறையில் கட்டில் போட்டுப் படுப்பவனும் நான். மருமகன் கட்டாரில் வேலை. மகளுக்கு ஒரே மகன். அவனுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை ஜூன் எட்டாம் திகதி முடிந்தது. பெறுபேறு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால்தான் உயர்தர வகுப்பு. அதுவரை அவன் எங்கேயும் போக வேண்டியதில்லை, எதுவும் செய்ய வேண்டியதில்லை. கேட்க நல்ல காலம் போலத்தான் இருக்கும். வீட்டிலிருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

முதல் வாரம் தூங்கினான். பதினொரு மணிக்கு முன் எழும்பியதில்லை. இரண்டாவது வாரம் கடற்கரையில் கிரிக்கெட். நாலு பந்து கடலோடு போனதும் அதுவும் நின்றது. மூன்றாவது வாரம் வாப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரை வீதியில் முன்சில்லைத் தூக்கி ஓட்டினான். அதை யாரோ போனில் படம் பிடித்து மகளுக்கே அனுப்பிவிட்டார்கள். பெற்றோல் அடிக்கக் காட்ட வேண்டிய கியூஆர் குறி அவளுடைய போனில் இருந்தது. அவள் சாவியையும் வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு அவன் வீட்டுக்குள்ளேயே நடந்தான். விறாந்தையில் தொடங்கி அடுப்படி வரை முப்பத்தொரு எட்டு. போய், திரும்பி, போய், திரும்பி.

"என்ன மனே, கால் உளையல்லயா?" என்று கேட்டேன்.

"போரடிக்கி மூத்தாப்பா. என்ன செய்யிறதெண்டே தெரியுதில்ல."

"ஏதும் வாசியன்."

"வாசிச்சி வாசிச்சித்தானே பரீட்ச எழுதின. இன்னமுமா?"

எனக்கு அவன் மேல் கோபம் வந்தது என்று எழுதலாம். ஆனால் நானும் ஓய்வு பெற்ற பதினொரு வருடத்தில் என்ன செய்தேன் என்று பார்த்தால், காலையில் வீதியில் போகும் மோட்டார் சைக்கிள்களை எண்ணினேன், மாலையில் முற்றத்துத் தென்னை ஆறிலும் காய் எண்ணினேன். முப்பத்து நாலு வருடம் வயல் வாய்க்கால்களில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தவன். எண்ணிக்கை எனக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

நான்காவது வாரத்தில் அவன் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு மறையத் தொடங்கினான். பொழுதுபட, மஃரிபுக்குத் தலைமயிர் ஈரமாக வந்தான்.

"வாப்பா, இவன் எங்க போறான் எண்டு ஒருக்காப் பாருங்களன்" என்றாள் மகள். "கேட்டா 'சும்மா' எண்டுறான். சும்மா எண்டுறது எந்த ஊரு?"

ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, அவன் பின்னால் என் சைக்கிளில் போனேன். ஊரின் மேற்கே வயல் தொடங்குகிற இடம் வரை ஆயிரத்து நூற்றாறு மிதி. போகப் போக எனக்குப் பயம். கடலுக்கா, காட்டுக்கா, கஞ்சாவுக்கா? இந்த வயதில் மனம் நல்லதை முதலில் நினைப்பதில்லை.

அவர்கள் மதகில் இருந்தார்கள். பெரிய வாய்க்காலின் தண்ணீரை அடைத்துத் திறக்கிற மதகு அது. அதன் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து ஒரு குழி உண்டாகியிருக்கிறது. மேல் தட்டில் என் பேரன் ஏறி நின்றான். கீழே அவனுடைய கூட்டாளிகள் இருவர். ஒருவன் நெட்டையன், பதினாறு வயதிலேயே ஆறடி. மற்றவன் கண்ணாடிக்காரன், குளிக்கும்போதும் கண்ணாடியைக் கழற்றாமல், ஒரு றப்பர் பட்டியால் தலையோடு கட்டியிருந்தான்.

"இறங்குடா கீழ!" என்று கத்தினேன்.

"பொறுங்க மூத்தாப்பா," என்றான் நெட்டையன், "இவன் இப்பதான் ஏறின. இவ்வளவு நேரமும் நடுங்கிட்டு நிண்ட."

"ஆரு நடுங்கின? நீயா நானா?" என்று மேலேயிருந்து என் பேரன் சொல்லி முடிப்பதற்குள் குதித்துவிட்டான். உடம்பை ஒரு சுற்றுச் சுற்றித் தலைகீழாக விழுந்தான். தண்ணீர் என் சட்டை வரை தெறித்தது. அவன் மேலே வரும் வரை என் நெஞ்சு அடித்ததை நான் எண்ணவில்லை. எண்ண முடியாத வேகம்.

"ஆழம் எத்தன அடி?" என்று கேட்டேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஆழம் இரிக்கி மூத்தாப்பா. கால் படல்ல" என்றான் நெட்டையன்.

"எத்தின நாளாக் குதிக்கிறீங்க?"

"ஒம்பது நாள்."

பக்கத்து வயல் வேலியிலிருந்து ஒரு நீளக் கம்பை இழுத்து எடுத்து, அடி அடியாகக் கத்தியால் கோடு போட்டுக் குழியை அளந்தேன். அவர்கள் குதித்த இடத்தில் ஒன்பது அடி. அதிலிருந்து இடப்பக்கம் இரண்டே எட்டுத் தள்ளி மூன்றரை அடி; அங்கே பழைய மதகின் கொங்கிரீட் கட்டி ஒன்று தண்ணீருக்கு அடியில் படுத்துக் கிடந்தது. கம்பு அதில் இடித்த சத்தம் மேலே கேட்டது. பிறகு கண்ணாடிக்காரன் மெதுவாகச் சொன்னான்: "மச்சான், நேத்து நான் அந்தப் பக்கமாத்தான் பாய்ஞ்ச."

அன்றே அவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தடுத்தால் எனக்குத் தெரியாத வேறிடத்துக்குப் போய்விடுவார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மூன்று பிள்ளைகள் வட்டமாக நின்று, நான் சொல்லும் இலக்கத்தை வாயைத் திறந்தபடி கேட்டார்கள். பதினொரு வருடத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. மறு பாதி அதுதான்.

கட்டி இருந்த இடத்தின் மேலே சிவப்புத் துணி கட்டினேன். குதிக்கக்கூடிய அகலத்தை இரண்டு கல் வைத்துக் காட்டினேன்.

"போன விட மூத்தாப்பா நல்லம்டா" என்றான் நெட்டையன். "இவருக்கு சார்ஜும் போடத் தேவல்ல."

வீட்டுக்கு வந்து மகளிடம் உள்ளதைச் சொன்னேன். "வாய்க்கால்ல குளிக்கிறானுகள். நான் பக்கத்துல நிப்பன்."

"ஆழமா வாப்பா?"

"அளந்த."

அவள் முகத்திலிருந்த சுருக்கம் போயிற்று. "நீங்க அளந்தாச் செரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த மூன்று நாளும் எனக்குப் பெருநாள். அஸரைத் தொழுதுவிட்டு நேரே வாய்க்காலுக்கு. என் கைக்கடிகாரத்தில் செக்கன் முள் நன்றாக ஓடும். யார் தண்ணீருக்குள் அதிக நேரம் மூச்சுப் பிடிக்கிறான் என்று போட்டி. நெட்டையன் இருபத்தொன்பது, கண்ணாடிக்காரன் முப்பத்து மூன்று, என் பேரன் முப்பத்தெட்டு. அவன் முப்பத்தெட்டைத் தொட்ட நேரம் நான் கரையில் நின்று கைதட்டினேன். என் செருப்பு ஒன்று கழன்று வாய்க்காலோடு போனது, மூவரும் அதைத் துரத்திக்கொண்டு நீந்திப் போய்ப் பிடித்து வந்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. இரவில் கட்டிலில் படுத்து நாளைய போட்டியை யோசித்தேன். பின்னேரம் எப்போது வரும் என்று இருந்தது.

ஆனால் நான்காம் நாள், அந்த வியாழக்கிழமை, நான் போனபோது மூவரும் கரையில் படுத்துக் கிடந்தார்கள். ஒருவனும் நனையவில்லை.

"என்னடா, குதிக்கல்லயா?"

"சுவாரசியமில்ல மூத்தாப்பா," என்றான் என் பேரன். "எங்க குதிக்கிற எண்டு கல்லு வெச்சிரிக்கீங்க. எவ்வளவு ஆழம் எண்டும் தெரியும். இப்ப நீச்சல் வகுப்பு மாதிரிப் பெய்த்து."

நான் அளந்து கொடுத்ததும் அதிலிருந்த பயம் போய்விட்டது. பயம் போனதும் அவர்களுக்கு அது தேவையில்லாமல் போய்விட்டது. இதை இப்போது எழுதுகிறேன். அந்த நேரம் எனக்குத் தோன்றியது, கூட்டம் கலையப்போகிறதே என்ற கவலை மட்டும்தான்.

நெட்டையன் எழும்பி உட்கார்ந்தான். "ரோட்டுக்குக் கீழால பெய்த்து மத்தப் பக்கம் வரணும் மச்சான். அதுதான் சாமான்."

மதகிலிருந்து முன்னூறு அடி கீழே வாய்க்கால் வீதியைக் கடக்கிறது. அங்கே தண்ணீர் ஒரு குழாய்க்குள் இறங்கி, வீதிக்கு அடியால் போய், மறுபக்கம் வெளியே வருகிறது. போகம் நடக்கிற நாட்களில் குழாய் முழுகித்தான் ஓடும். உள்ளே மூச்சு விட ஓர் அங்குல இடமும் இருக்காது.

"உனக்கு விசரா?" என்றான் கண்ணாடிக்காரன். "அது எவ்வளவு நீளம் எண்டு தெரியுமா? அறுவது எழுவது அடி வரும்."

"அறுவதா?" என்று நான் சிரித்தேன். "ஆரு சொன்ன? அஞ்சு துண்டுக் குழாய். ஒவ்வொண்டும் எட்டடி. நாப்பது. நான் நிண்டு பதிச்ச குழாய்டா அது."

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்தத் திரும்பல்தான் என்னைக் கெடுத்தது. நான் எழும்பிப் போய், காய்ந்த தென்னம்பாளைத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டு, அது போகும் வேகத்தைப் பார்த்தேன். பத்துச் செக்கனில் முப்பது அடி. "செக்கனுக்கு மூணு அடி. நாப்பது அடிக்குப் பதினாலு செக்கன். கையக் கால ஆட்டாமக் கிடந்தாலே தண்ணி கொண்டுபோய் மத்தப் பக்கம் போட்டுடும்."

"முப்பத்தெட்டுல பதினாலு போனா?" என்றான் பேரன்.

"இருவத்தி நாலு மிச்சம்."

"அப்ப என்ன கண்ணாடி? மூத்தாப்பாட கணக்கு."

"மூத்தாப்பா, ஒருக்கா ரோட்டுக்கு அங்கால பெய்த்துப் பாருங்களன்," என்றான் கண்ணாடிக்காரன். "நீளமாத்தான் தெரியிது."

"நான் பார்த்தது நீ பொறக்க முந்தி" என்றேன். நெட்டையன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பிறகு வேண்டாம் என்றும் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். கணக்கை வாய் நிறையச் சொன்னவன் அதற்குப் பிறகு சொல்லும் வேண்டாமுக்கு என்ன மதிப்பு? அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. முப்பத்தைந்து நாளில் நான் பார்க்காத முகம்.

நெட்டையன் வீதியைக் கடந்து மறுபக்கத்து வாய்க்குப் போனான். அங்கிருந்து அவன் விசிலடித்தது மிகத் தூரத்தில் கேட்டது. அதைக்கூட நான் கணக்கில் எடுக்கவில்லை. கண்ணாடிக்காரன் என் பக்கத்தில் நின்றான். பேரன் ரீசேட்டோடேயே தண்ணீருக்குள் இறங்கி, மூன்று தடவை மூச்சை இழுத்து விட்டு, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி முழுகினான். அவனுடைய பாதம் இரண்டும் குழாய் வாய்க்குள் போனதைக் கண்டேன்.

ஒன்று, இரண்டு, மூன்று.

பத்தில் நான் இன்னும் சந்தோசமாக எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், மனம் துள்ளிக்கொண்டிருந்தது. பதினாலில் குரலை உயர்த்தினேன், மறுபக்கத்திலிருந்து கூச்சல் கேட்கும் என்று. கேட்கவில்லை. பதினைந்து. பதினாறு.

"வந்துட்டானா?" என்று கண்ணாடிக்காரன் கத்தினான்.

"இல்ல!" என்று நெட்டையனின் குரல் காற்றோடு வந்தது.

நான் ஓடத் தொடங்கினேன். வாய் செக்கனை எண்ணியது. பதினெட்டு. அதோடு என் கால் எட்டுகளையும் எண்ணினேன். அது எனக்கு நிறுத்த முடியாத பழக்கம். பதினாலு எட்டில் வீதி முடிந்தது. நெல் மூடை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று என்னை இடிக்காமல் திருப்பி நிறுத்த, அதன் சாரதி என் வாப்பாவை இழுத்து ஏசினான். வீதி முடிந்து ஆறு எட்டில் வாய்க்கால் இருக்க வேண்டும். இல்லை. கொங்கிரீட் போட்ட ஒரு முற்றம் இருந்தது. பக்கத்து அரிசி ஆலைக்கு லொறி திருப்புவதற்காக, நான் ஓய்வு பெற்ற பிறகு எப்போதோ வாய்க்காலை அந்த அளவுக்கு மூடிக் குழாயை நீட்டியிருக்கிறார்கள். பதினைந்து எட்டு, பதினாறு எட்டு, இன்னும் முற்றம்தான்.

"யா அல்லாஹ், ஒரு ஆடு!" என்று கத்தினேன். "இவன் உசிரோட வந்தா ஒரு ஆடு அறுப்பன்!"

செக்கன் இருபத்து நாலு. எட்டு இருபது.

"ரெண்டு ஆடு!"

செக்கன் இருபத்தெட்டு. "மூணு! நாலு!" கண்ணாடிக்காரன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். முப்பத்தாறாவது எட்டில் முற்றம் முடிந்தது. முப்பத்தாறு எட்டு, எட்டுக்கு இரண்டடி, எழுபத்திரண்டு அடி, ஒன்பது துண்டு. அந்தப் பெருக்கலை நான் விரும்பிச் செய்யவில்லை. தானாக வந்து நின்றது.

கீழே நெட்டையன் மார்பளவு தண்ணீரில் நின்று, குழாய் வாய்க்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டு அழுதான். "இல்ல மூத்தாப்பா, ஒண்டும் படுதில்ல!"

முப்பத்தேழு. முப்பத்தெட்டு. அவனுடைய மூச்சு முடிகிற இலக்கம் எனக்குத் தெரியும். நான்தான் அளந்து வைத்தேன். முப்பத்தொன்பது என்று சொல்ல வாய் வரவில்லை. கண்ணாடிக்காரன்தான் சொன்னான். நான் "அஞ்சு! ஆறு!" என்று ஆட்டைக் கூட்டிக்கொண்டு சாரனோடு தண்ணீருக்குள் இறங்கினேன்.

நாற்பத்து மூன்றில் ஒரு கை வந்தது. நெட்டையன் அதைப் பிடித்தான், நான் நெட்டையனைப் பிடித்தேன், மூவருமாக விழுந்து புரண்டு கரை ஏறினோம். பேரனின் ரீசேட் முதுகில் மேலிருந்து கீழ்வரை கிழிந்து தொங்கியது. முதுகில் இரத்தம். இருமினான், தண்ணீரைக் கக்கினான், திரும்பவும் இருமினான். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"எத்தின?"

"நாப்பத்தி மூணு."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப ரெக்கோட்" என்று சொல்லி, திரும்பவும் கக்கினான்.

அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டேன். ஒன்றுதான். பிறகு அவன் தலையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நெட்டையன் அழுதுகொண்டே சிரித்தான். முற்றத்தில் நின்ற லொறிச் சாரதி ஒருவர் எங்கள் நால்வரையும் பார்த்து, "என்ன, மீன் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

உள்ளே நடந்ததை அவன் டாக்டரிடம் போகும் வழியில் சொன்னான். "நானும் எண்ணிட்டுத்தான் போன மூத்தாப்பா. பதினாலு வந்த உடன வெளிய வந்துட்டன் எண்டு தலையத் தூக்கின. மேல கொங்கிரீட்டு. நச்செண்டு இடிச்சிச்சி. ரீசேட்டு ஒரு கம்பியில மாட்டிட்டு. கழட்ட ஏலாமப் பெய்த்து. இழுத்துக் கிழிச்சிட்டுத்தான் வந்த."

பழைய குழாய் முடிந்து புதிய குழாய் தொடங்குகிற மூட்டில் கம்பி நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நாற்பதாவது அடி. பதினாலு என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் அந்த இடத்தில் தலையைத் தூக்கியிருக்க மாட்டான். தண்ணீர் அவனை நேரே கொண்டுபோயிருக்கும். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் கணக்கு அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

தனியார் டாக்டர் ஒன்பது தையல் போட்டு ஊசியும் அடித்தார். வீட்டுக்குப் போனதும் மகள் அவனைத் திருப்பி முதுகைப் பார்த்தாள்.

"விழுந்த உம்மா" என்று தொடங்கினான் அவன்.

"இல்ல மகள்," என்றேன் நான். "குழாய்க்குள்ளால போன. போகலாம் எண்டு கணக்குச் சொன்னது நான். என்ட கணக்குப் புழைச்சிட்டு."

"பக்கத்துல நிப்பன் எண்டுதானே வாப்பா சொன்ன?"

"நிண்ட."

"நிண்டு?"

"எண்ணின."

அவள் உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. தேத்தண்ணீர் வந்தது, சோறு வந்தது, ஆனால் "வாப்பா" என்று கூப்பிடும் குரல் வரவில்லை. அவளுக்கு இருப்பது ஒரு பிள்ளை. நான் அளந்தால் சரி என்று அவள் நம்பியது, அவளுடைய சின்ன வயதிலிருந்து நான் சேர்த்து வைத்த நம்பிக்கை. அதை நாற்பத்து மூன்று செக்கனில் செலவழித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை நானும் பையன்கள் மூவரும் பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் நேர்ச்சையைப் பற்றிக் கேட்டோம்.

"வாயால சொன்னீங்களா, மனசால நெனச்சீங்களா?" என்று அவர் கேட்டார். "மனசால மட்டும் எண்டா கட்டாயமில்ல."

நான் யோசிக்கும் முன் கண்ணாடிக்காரன் முந்திக்கொண்டான். "வாயாலதான் மௌலவி. நான் பக்கத்துல ஓடின. முழு வயல் வட்டைக்கும் கேட்டிரிக்கும். ஏழு."

"ஆறு" என்றேன்.

"ஏழு மூத்தாப்பா. தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு ஏழு எண்டீங்க."

"அப்ப கை வெளிய வந்துட்டு."

"வரல்ல. நீங்க ஏழு எண்ட, அதுக்குப் பொறகுதான் கை வந்த" என்றான் நெட்டையன். "கையப் பிடிச்சது நான். எனக்குத் தெரியும்."

என் பேரன் மட்டும், "நான் உள்ளுக்குள்ள இருந்த, எனக்கு ஒண்டும் தெரியா" என்றான். மௌலவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, சந்தேகமென்றால் ஏழாகவே கொடுத்துவிடுங்கள், அதில் உங்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு துண்டும் சாப்பிடக் கூடாது என்றார்.

அன்று பகல் சோற்றை வைக்கும்போது மகள் கேட்டாள்: "ஆடு எத்தினயாம்?"

"ஏழு."

"முப்பத்தெட்டோட வந்திருந்தா?"

"நாலு."

அவள் உதட்டின் ஓரம் அசைந்தது. "நாப்பத்தி மூணோட வந்தானே வாப்பா. அது போதும்" என்று சொல்லி, என் சோற்றுக் கோப்பையில் மீன் துண்டை வைத்தாள்.

கோமாரி என்ற ஊர்ப் பக்கம் ஒருவரிடம் ஆடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு நால்வரும் சின்ன லொறி பிடித்துப் போனோம். வாங்கிய ஆடுகள் வரும் வழியில் இரண்டு தடவை லொறியிலிருந்து பாய்ந்தன. நெட்டையன் வயலுக்குள் துரத்திக்கொண்டு போய்த் தோளில் போட்டு வந்தான். அறுத்து, அரைக் கிலோவாகக் கட்டி, நூற்று அறுபத்தெட்டுப் பொதி. சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் விதவைகள் இருக்கிற வீடு வீடாகப் பையன்கள் சைக்கிளில் கொடுத்தார்கள். பேரன் முதுகைக் குனிய முடியாமல் முன்னால் போய்க் கதவு தட்டினான். கண்ணாடிக்காரன் எழுதிய பட்டியலை நான் சரி பார்க்கக் கேட்டேன். அவன் தரவில்லை. "நாங்க ரெண்டு தரம் எண்ணின மூத்தாப்பா" என்றான்.

அடுத்த வாரம் வயற்காரர்களின் தலைவரான வட்டவிதானையிடம் போய்க் கேட்டு, குழாயின் இரண்டு வாயிலும் ஆள் நுழையாதபடி இரும்புக் கம்பி அடிக்க விட்டேன். அதற்கு முன் நாடாவைப் பிடித்து முழு நீளத்தையும் அளந்தேன். எழுபத்திரண்டு அடி, மூன்று அங்குலம். அன்று மாலையே நெட்டையன் வேறு ஏதோ ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்; முழுதும் கேட்காமல் நானும் சைக்கிளை எடுத்தேன். இந்த முறை முதலில் அங்கால் பக்கம் போய்ப் பார்ப்பதென்று.

மக்காவுக்கு உம்ரா போகவென்று வங்கியில் நான் சேர்த்து வைத்திருந்தது நான்கு இலட்சத்து முப்பதாயிரம். ஆடுகள், அறுத்தவர் கூலி, லொறி, பை, தையல், இரும்புக் கம்பி எல்லாம் சேர்த்து எனக்குப் போனது நான்கு இலட்சத்து நாலாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.